மாங்கொட்டையாக இருக்குமோ? ஜிம்மி தண்ணீரையும் சத்தி எடுக்கிறான்

மூன்றாம் மாடி | வியாழன் இரவு 10.50
வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். ஜிம்மிக்கு மூன்று வயது, 18 கிலோ. பாதி லெப்ரடோர், பாதி ஊர் நாய். நேற்று இரவில் இருந்து சத்தி. இன்று காலை பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினோம். வயிற்றுக் கோளாறு என்று சத்தியை நிறுத்த ஓர் ஊசியும், தோலுக்குக் கீழே சேலைனும் போட்டு அனுப்பிவிட்டார். பின்னேரம் வரைக்கும் நின்றிருந்தது. ஏழு மணிக்குப் பிறகு திரும்பத் தொடங்கிவிட்டது, இப்போது குடிக்கிற தண்ணீரும் வெளியே வருகிறது. முன்கால்களை நீட்டி நெஞ்சை நிலத்தில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். விளையாடக் கூப்பிடும்போது நிற்கிற மாதிரி. ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தது. குப்பைக் கூடையில் இருந்து கொட்டை ஏதும் எடுத்திருப்பானோ என்று அம்மா கேட்கிறா. எனக்கு உறுதியில்லை. நாளைக்குப் போயா விடுமுறை, அந்த இடம் பூட்டு. சனிக்கிழமை வரை பொறுக்கலாமா?

உப்புக்காத்து | இரவு 10.58
பயப்படாதீங்கோ. ஒரு தம்ளர் வெந்நீரில் நாலு கரண்டி உப்புக் கரைத்து வாயில் ஊற்றுங்கோ. உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கட ஊரில் இதுதான் வைத்தியம்.

பேராதனைப் பிள்ளை | இரவு 11.03
அக்கா, தயவுசெய்து உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம்! நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், கடைசி வருடம். இன்னும் டொக்டர் இல்லை, அதனால் மருந்து எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் இதைச் சொல்லலாம். ஏற்கனவே நீர் இழந்திருக்கிற உடம்புக்குள் அவ்வளவு உப்புப் போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும். கொட்டை இந்நேரம் குடலுக்குள் இறங்கியிருந்தால் எவ்வளவு சத்தி எடுத்தாலும் அது மேலே வராது, நாய்தான் களைத்துப்போகும்.

நீங்கள் சொல்கிற அந்த நிலை வயிற்று நோவுக்கு நிற்கிற நிலை. சாப்பாடு, தண்ணீர், பால், ஜீவனிக் கரைசல் எதுவும் இப்போது வாயால் வேண்டாம். பனடோலும் வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பா, வெளிறியிருக்கிறதா? விரலால் அமத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா? கடைசியாக எப்போது மலம் போனான்? மாம்பழம் எப்போது சாப்பிட்டீர்கள், எந்த நாள் என்று சரியாகச் சொல்ல முடியுமா?

உப்புக்காத்து | இரவு 11.09
தங்கச்சி, படிப்பு பெரிசுதான். நாங்களும் பத்துப் பதினைந்து நாய் வளர்த்த ஆட்கள். உப்புக் குடித்து ஒன்றும் சாகவில்லை.

தெஹிவளைத் தாத்தா | இரவு 11.14
பிழைத்த நாய்களைத்தான் தம்பி கணக்கில் வைத்திருப்பீர். செத்ததற்கு வேறு காரணம் சொல்லியிருப்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தவன், அந்தக் கதை பிறகு.

பிள்ளை, சனிக்கிழமை வரை பொறுக்காதேயும். இன்றிரவே போம். கொழும்பைச் சுற்றி இரவில் ஆள் இருக்கிற மிருக வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஆனால் போர்டில் 24 மணித்தியாலம் என்று இருப்பதை நம்பிப் போகாமல் முதலில் போன் எடுத்து, எக்ஸ்ரே இருக்கிறதா, ஸ்கேன் இருக்கிறதா, இந்த நேரம் வெட்டக்கூடிய டொக்டர் இருக்கிறாரா என்று மூன்றையும் கேளும். மூன்றாவதுதான் முக்கியம்.

மூன்றாம் மாடி | இரவு 11.31
முரசு வெளிறித்தான் இருக்கிறது, பிசுபிசுப்பாகவும் இருக்கிறது. செவ்வாய்க்குப் பிறகு மலம் போகவில்லை.

எந்த நாள் என்று கேட்டீர்கள். அம்மா அறைக்குள் போன பிறகு எழுதுகிறேன். அவன் குப்பையில் எடுக்கவில்லை. போன கிழமை செவ்வாய் இரவு நான் போனில் கதைத்துக்கொண்டு பல்கனியில் மாம்பழம் சாப்பிட்டேன். கொட்டை கைவழுக்கி விழுந்தது. அவன் கவ்விக்கொண்டு ஒரு மூலைக்குப் போய், இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து ஆறுதலாக நக்கிக்கொண்டுதான் இருந்தான். நான் "போடு, போடு" என்று கத்திக்கொண்டு பறிக்கப் போனேன். என்னைப் பார்த்துவிட்டு ஒரே விழுங்கு. சத்தம்கூடக் கேட்டது.

மூன்று நாள் அவன் மலத்தைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் நன்றாக ஓடினான், சாப்பிட்டான். திங்கட்கிழமை ஒரு தடவை மட்டும் சத்தி. அப்புறம் நானே மறந்துபோனேன், அல்லது மறக்க விரும்பினேன். நாய்க்கு மாம்பழம் காட்டாதே என்று அம்மாவோடு சண்டை பிடித்ததே நான்தான். இன்று காலை அந்த வைத்தியர் "ஏதாவது விழுங்கினானா?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றா. தெரியாது என்றேன்.

முதலில் அந்த வைத்தியரைத் திட்டித்தான் இந்த இழையைத் தொடங்க நினைத்தேன்.

பேராதனைப் பிள்ளை | இரவு 11.36
அக்கா, இப்போது எழுதியதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். ஒன்பது நாள், முழுக்கொட்டை, கண்ணால் கண்டது. சத்தி ஊசி போட்டதையும் சொல்லுங்கள். அந்த ஊசி பிழையான மருந்து இல்லை. ஆனால் உள்ளே அடைப்பு இருந்தால் சத்தியைக் கொஞ்ச நேரம் மறைத்துவிடும், அவ்வளவுதான்.

ஒன்பது நாள் எப்படி என்று குழம்ப வேண்டாம். இரைப்பையில் இருந்து குடலுக்குப் போகிற வாசல் சின்னது. கொட்டை அங்கே போகமுடியாமல் இரைப்பைக்குள்ளேயே உருண்டுகொண்டு கிடக்கும். நாய்க்கு ஒரு குறையும் தெரியாது. எப்போதாவது வாசலில் போய் முட்டினால் ஒரு சத்தி, விலகினால் சுகம். ஒருநாள் அந்த வாசலால் நுழைந்து சிறுகுடலுக்குப் போய் இறுகினால் கதை மாறிவிடும்.

நாளும் நேரமும் தெரியாவிட்டால் எந்த டொக்டருக்கும் இது சாதாரண வயிற்றுக் கோளாறாகத்தான் தெரியும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது வெளிக்கிடுங்கள்.

ஆமர் வீதி | இரவு 11.40
ஓட்டோவில் போவதானால் ஒரு கட்டில் விரிப்பை நாலாக மடித்து அதில் படுக்கவைத்துத் தூக்குங்கள். வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்க வேண்டாம். நாய் என்று முதலே சொல்லிக் கூப்பிடுங்கள், வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஆட்களும் உண்டு. எனக்கு நடந்தது.

மூன்றாம் மாடி | வெள்ளி அதிகாலை 4.20
பத்தரமுல்லைப் பக்கம் ஓர் இடத்தில் இருக்கிறோம். மூன்று இடத்துக்குப் போன் எடுத்தேன். தாத்தா சொன்ன மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று சொன்னது இந்த ஒரு இடம்தான்.

ஓட்டோத் தம்பி சிங்களப் பெடியன். பாமன்கடையால் ஏறி நாவலை, ராஜகிரிய என்று வெறும் வீதியில் பறந்தார். வழியெல்லாம் போசன் போயா வெளிச்சக்கூடுகள். ஜிம்மி ஒன்றையும் பார்க்கவில்லை. தலையை அம்மாவின் மடியில் வைத்துப் படுத்திருந்தான். நாயைத் தொட்டால் கைகழுவுகிற அம்மா. ஓட்டோவில் வைத்தே அவவிடமும் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஊரிலை எல்லா நாயும் மாங்கொட்டை திண்டதுதானே" என்றா. எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாவோ, குத்திச் சொன்னாவோ தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் கொட்டை தெரியவில்லை! எலும்பு, கல், இரும்பு என்றால் வெள்ளையாகத் தெரியுமாம், மாங்கொட்டை நாரும் மரமும் மாதிரி என்பதால் இறைச்சியோடு சேர்ந்து ஒரே சாம்பலாகப் போய்விடுமாம். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற குடல் காற்று அடைத்து, சைக்கிள் டியூப் மாதிரி ஊதி நின்றது. பிறகு ஸ்கேன் பார்த்தார்கள். திரையில் ஒரு வளைந்த வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே கரிய நிழல். கொட்டை அதுதான் என்றார் டொக்டர்.

உடனே வெட்டவில்லை. சத்தியால் போன நீரும் உப்புகளும் இரத்தத்தில் சரியாகாமல் மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று முதலில் நரம்பில் சேலைன் ஏற்றுகிறார்கள். ஆறு மணிக்கு உள்ளே எடுப்பார்களாம்.

சோம்பேறிப் பூனை | வெள்ளி காலை 7.15
காலையில் எழும்பி முதல் வேலையாக இதைத்தான் திறந்தேன். செய்தி இருந்தால் ஒரு வரி போடுங்கள்.

மூன்றாம் மாடி | வெள்ளி பகல் 12.05
எடுத்தாயிற்று. உயிரோடு இருக்கிறான்.

கையால் எழுதமுடியாமல் இருந்தது, இப்போதுதான் கொஞ்சம் நடுக்கம் நின்றது. சிறுகுடலின் நடுப்பகுதியில் இறுகியிருந்ததாம். கொட்டை இருந்த இடத்துக்கு மேலே வெட்டாமல், அதற்குச் சற்று அப்பால் நோகாமல் இருந்த நல்ல குடலில் சின்னதாக வெட்டி அதன் வழியாக வெளியே தள்ளி எடுத்தார்கள். இறுகியிருந்த இடம் சிவந்து வீங்கியிருந்தாலும் கறுக்கவில்லை. கறுத்திருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்க வேண்டுமாம். தைத்த பிறகு குடலுக்குள் சேலைன் ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்த்து, வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புச் சவ்வை அதற்கு மேல் போர்வை மாதிரிப் போர்த்துவிட்டு மூடினார்களாம்.

கொட்டையை ஒரு போத்தலில் போட்டுத் தந்தார்கள். நாரெல்லாம் கரைந்து வழுவழுவென்று இருக்கிறது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல பழம், வீணாப்போச்சு என்றா. இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் நான் அழுதேன்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி பகல் 2.30
கோபிக்க வேண்டாம், கேட்கிறேன். எவ்வளவு முடிந்தது? மனிதருக்கே மருந்து வாங்கக் காசில்லாத நாட்டில் ஒரு நாய்க்கு இவ்வளவா?

மூன்றாம் மாடி | வெள்ளி பகல் 2.48
என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். பாதியை அப்போதே கட்டினேன், மீதி இரண்டு தவணை. கேள்வி நியாயமான கேள்விதான். விழுங்கிய அன்றே, அது இரைப்பையில் இருக்கும்போதே போயிருந்தால் ஊசி போட்டுச் சத்தி எடுக்கவைத்தோ குழாய் விட்டோ பார்க்கலாமா என்றாவது யோசித்திருப்பார்களாம். இவ்வளவு செலவு வந்திருக்காது. அந்த ஒன்பது நாளுக்கான காசு இது என்று கட்டினேன்.

ஆமர் வீதி | வெள்ளி பகல் 3.10
கணக்குப்பிள்ளை, நாய் வீட்டுக்கு வந்த பிறகு கேட்டிருக்கலாமே.

பேராதனைப் பிள்ளை | வெள்ளி இரவு 8.00
அக்கா, மிகவும் சந்தோஷம். ஆனால் இப்போது சொல்வதைப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். குடலில் தையல் போட்டால் மிகக் கவனமாக இருக்கவேண்டியது இன்று இல்லை. மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாள் வரை. முதல் இரண்டு நாளும் தையல் நூல்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு பழைய இணைப்பு நார் கரைந்து, புதியது இன்னும் பலமாக வளராத ஓர் இடைவெளி வரும். கசிந்தால் அப்போதுதான் கசியும். வீட்டில் என்ன நடக்கும் என்றால், அதே மூன்றாம் நாள்தான் நாய் வாலாட்டத் தொடங்கும். அம்மாமார் பாவம் என்று கோழிக்காலோடு நிற்பார்கள்.

திடீரென்று சோர்வு, காய்ச்சல், திரும்பச் சத்தி, வயிற்றைத் தொடவிடாமல் உறுமுவது, சாப்பாட்டை மறுப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் கொண்டுபோக வேண்டும். பட்டினி போடவும் கூடாது. முன்பு நாள்கணக்கில் பட்டினி போடச் சொல்வார்கள். இப்போது சத்தி இல்லாவிட்டால் அடுத்த நாளே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள், உணவு பட்டால்தான் குடல் சுவர் சீக்கிரம் தேறும். உங்கள் டொக்டர் சொல்கிற அளவுதான் அளவு.

தெஹிவளைத் தாத்தா | வெள்ளி இரவு 9.25
பிள்ளை சொல்வதோடு என் கதையையும் வைக்கிறேன், சொல்லுகிறேன் என்றேன் அல்லவா.

என்னிடம் முன்பு ஒரு பெட்டை நாய். கார்க் கொட்டிலுக்குள் வைத்த எலிப்பாசாணக் கட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. பச்சை நிறக் கட்டி. அன்றும் சுகம், மறுநாளும் சுகம். நான் சிரித்துக்கொண்டு, எலிக்கே வேலை செய்யாத மருந்து என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னேன். நாலாம் நாள் காலையில் மூக்கால் இரத்தம். அந்த வகை மருந்து இரத்தம் உறைவதற்கு வேண்டிய விற்றமின் கேயை உடம்பு மீட்டெடுப்பதைத் தடுக்கும். முன்பே இரத்தத்தில் இருப்பது தீரும்வரை ஒன்றும் தெரியாது. தீர்ந்த பிறகு ஒவ்வோர் ஓட்டையாலும் வரும்.

அதற்கு விற்றமின் கே1 ஊசியும் குளிசையும். கொழுப்புச் சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும், நாலு கிழமைக்குக் கொடு என்றார்கள். பத்தாம் நாள் நாய் பூனையைத் துரத்தியது. சுகம்தானே என்று நான்தான் நிறுத்தினேன். குளிசையும் விலை. ஐந்தாறு நாளில் தொடை வீங்கி, அதற்குள் முழுக்க இரத்தம். இரண்டாம் முறை வேறொரு நாயின் இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். மருந்து முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து இரத்தம் உறைகிற நேரத்தைப் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் விட்டார்கள்.

நாய் வால் ஆட்டுவதை வைத்துக் கணக்குப் போடாதேயும் பிள்ளை. அது செத்துக்கொண்டிருக்கும்போதும் நம்மைக் கண்டால் ஆட்டும்.

உப்புக்காத்து | வெள்ளி இரவு 9.50
தாத்தா, சரி. உப்புக் கதையை நான் வாபஸ் வாங்குகிறேன். ஜிம்மி சுகமாகட்டும்.

மூன்றாம் மாடி | ஞாயிறு இரவு 7.30
நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தான். எங்கள் லிப்டில் வளர்ப்புப் பிராணி ஏற்றக்கூடாது என்று போர்ட் இருக்கிறது. வொச்சர் அங்கிள் விரிப்பில் கிடந்த ஜிம்மியையும் எங்களையும் பார்த்தார். அப்படியே கேட்டுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏற்றிவிட்டோம்.

கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் கூம்பு. கதவு, கதிரை, அம்மா எல்லாவற்றிலும் இடிக்கிறான். குழைந்த சோறும் அவித்துப் பிய்த்த கோழி நெஞ்சும், உப்பில்லாமல், ஒரு தடவைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஆறு தடவை.

மூன்றாம் மாடி | திங்கள் காலை 6.10
அவசரம். மூன்றாம் நாள் இன்று. சோற்றை ஒரு வாய் வைத்துவிட்டு வாய் முழுக்க நுரை, எச்சில் ஒழுகுகிறது, தலையை உதறுகிறான், சாப்பாட்டுப் பக்கமே வரமாட்டான். கசிந்துவிட்டதா?

பேராதனைப் பிள்ளை | திங்கள் காலை 6.14
கொண்டுபோங்கள் அக்கா. போகிற வழியில் ஒன்று மட்டும் யோசியுங்கள், சோற்றில் என்ன கலந்தீர்கள்?

மூன்றாம் மாடி | திங்கள் காலை 10.40
வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன். காய்ச்சல் 101.6, நாய்க்கு அது சாதாரணம். வயிற்றை அமத்தினார்கள், உறுமவில்லை. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் இல்லை. கசியவில்லை.

நோவுக்குக் கொடுத்த குளிசையை அம்மா அம்மியில் வைத்துப் பொடியாக்கிச் சோற்றில் பிசைந்திருக்கிறா. அது படு கசப்பாம், பொடித்தால் நாய்க்கு நுரை தள்ளும் என்று டொக்டர் சொன்னார். முழுசாக ஒரு சின்னக் கோழித் துண்டுக்குள் ஒளித்து, அதற்கு முன்னும் பின்னும் வெறும் துண்டு ஒவ்வொன்று கொடுக்கச் சொன்னார். மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டான். விழுங்குவதில் ஆளுக்கு ஒரு குறையும் இல்லை.

வீணாக வந்துவிட்டோம் என்றேன். இல்லை, இன்று வந்ததுதான் சரி என்றார்.

புதுசு | செவ்வாய் இரவு 9.05
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் குட்டி ரிமோட்டைக் கடித்திருக்கிறது, உள்ளே இருந்த பட்டன் பற்றரியைக் காணவில்லை. இதுவும் ஒன்பது நாள் பொறுக்குமா?

பேராதனைப் பிள்ளை | செவ்வாய் இரவு 9.07
இல்லவே இல்லை. இது வேறு. தொண்டைக் குழாயில் ஒட்டினால் மின்சாரமே ஈரத்தில் காரத்தை உண்டாக்கிச் சுவரைச் சுடும், ஒரு மணித்தியாலம்கூட அதிகம். சத்தி எடுக்கவைக்க வேண்டாம், வரும்போதும் சுடும். போன் எடுத்துக்கொண்டே ஓடுங்கள். பற்றரி எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். அதே மாதிரிப் பற்றரி வீட்டில் இருந்தால் கையில் கொண்டுபோங்கள்.

புதுசு | செவ்வாய் இரவு 11.50
எக்ஸ்ரேயில் இல்லை. திரும்பி வந்து சோபாவைத் தூக்கினோம், அடியில் கிடந்தது. நன்றி, நன்றி.

மூன்றாம் மாடி | புதன் காலை 6.35
மலம் போனான்! மரீன் டிரைவில், ரயில் பாதைப் பக்கம், கடலைப் பார்த்துக்கொண்டு. எட்டு நாளுக்குப் பிறகு. நான் கைதட்டினேன், நடக்க வந்த ஒரு ஐயா திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ.

தெஹிவளைத் தாத்தா | புதன் காலை 7.02
நினைக்கட்டும்.

மூன்றாம் மாடி | அடுத்த கிழமை வியாழன் இரவு 8.15
வெட்டிப் பதின்மூன்றாம் நாள். இன்று வெளித்தையல் வெட்டினார்கள். முதலில் போன பக்கத்து வைத்தியரிடமே வெட்டுவித்தேன், அவரிடம் சொல்லவேண்டியதையும் சொன்னேன். "எனக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தோன்றியிருக்கலாம்" என்றார். எடுத்திருந்தாலும் கொட்டை தெரிந்திராது என்று நான் சொல்லவில்லை.

ஊரில் எல்லா நாயும் மாங்கொட்டை தின்றதுதானே என்ற அம்மாவின் கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. ஊர் நாய் வளவில் ஒரு மூலையில் படுத்துப் பின்னேரம் முழுக்கச் சூப்பும், அதை யாரும் பறிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் இவன் எதைக் கவ்வினாலும் இரண்டு பேர் கத்திக்கொண்டு பாய்கிறோம். அவனுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடம் வயிறு. இப்போது பறிப்பதில்லை, மாற்றுகிறோம். எதையாவது கவ்வினால் நான் அவனைப் பார்க்காமல் குசினிக்குப் போய்க் கருவாட்டு டப்பாவைத் திறக்கிறேன். கவ்வியதை அங்கேயே போட்டுவிட்டு வருகிறான். நேற்று அம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து டப்பாவுக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வியாபாரம் பழகிவிட்டான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அடுத்த பெட்டி ஞாயிறு வருகிறது. வேண்டாம் என்று சொல்ல அம்மா விடமாட்டா.

அப்புறம், கூம்பு இனித் தேவையில்லை. 15 முதல் 20 கிலோ நாய்க்குச் சரியாக இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கிறது, எல்லாம் கதவில் இடித்ததுதான். யாருக்காவது வேண்டுமென்றால் வெள்ளவத்தைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

புதுசு | இரவு 8.22
எங்களுக்குத் தாருங்கள். குட்டிக்கு இப்போது நாலு கிலோதான், ஆனால் இந்தப் போக்கைப் பார்த்தால் வளர்ந்ததும் தேவைப்படும்.